வேலூர் மாநகரின் வீட்டுக் குப்பை மீட்புமுறை: தோல் தொழிற்பகுதியில் தரம்பிரித்தலின் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக் குப்பையைப் பெரிய கிடங்கில் கொட்டாமல், அது பிறக்கும் பகுதியிலேயே பிரித்து, உரமாகவும் விற்பனைப் பொருளாகவும் மீட்கும் முறை வேலூரில் உருப்பெற்றுப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. இம்முறை எவ்வாறு இயங்குகிறது, அதன் உயிர்நாடி எது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற்பகுதியில் வீட்டுக் குப்பைக்கும் தொழிற்கழிவுக்கும் இடையிலான எல்லை மெல்லியது. குரோமியம் ஏற்றிய தோல்துண்டு ஈரக் குப்பையில் கலப்பதால் விளையும் கேடு ஓர் எளிய கணக்கின் வழியே காட்டப்படுகிறது. வாசலிலேயே நிகழும் தரம்பிரித்தல் இப்பகுதியில் நகரத் தூய்மையைக் கடந்து, மண்ணைக் காக்கும் செயலாகவும் அமைகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வேலூர், ஆம்பூர், பாலாறு, தரம்பிரித்தல், மக்கும் குப்பை, மக்காத குப்பை, குரோமியம், தூய்மைப் பணியாளர்.

முன்னுரை

தமிழக நகரங்களின் குப்பைச் சிக்கல் பெரும்பாலும் இடச் சிக்கலாகவே பேசப்படுகிறது. எங்கே கொட்டுவது என்பதே நகராட்சிகளின் முதல் வினாவாக இருந்து வந்துள்ளது. ஏரிக்கரை, ஆற்றுப் புறம்போக்கு, ஊர் எல்லையிலுள்ள பள்ளம் ஆகியனவே அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள். வேலூர் நகரின் குப்பையும் பல ஆண்டுகள் சதுப்பேரி ஏரிப் பகுதியில் கொட்டப்பட்டது. நீர் நிற்கவேண்டிய இடத்தில் குப்பை நின்றது.

1866-இல் நகராட்சியாக அமைந்த வேலூர், 2008-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் 1,85,803 பேர் வாழ்ந்தனர். காட்பாடி, சத்துவாச்சாரி முதலிய சுற்றுப்பகுதிகள் இணைந்தபின் நகரம் நான்கு மண்டலங்களும் 60 வார்டுகளும் கொண்டதாக விரிந்தது. அதே கணக்கெடுப்பில் ஆம்பூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,14,608. அன்று ஒரே மாவட்டத்தில் இருந்த இவ்விரு ஊர்களும் 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது வேலூர், திருப்பத்தூர் என வெவ்வேறு மாவட்டங்களுக்கு உரியனவாயின. ஆட்சி எல்லை பிரிந்தாலும் இரண்டையும் பாலாறும் தோல் தொழிலும் இணைத்தே வைத்துள்ளன.

பெருநகரங்களின் திடக்கழிவு குறித்த ஆய்வுகள் மிகுதி. நடுத்தர நகரமொன்று தன் வீட்டுக் குப்பையை எவ்வாறு கையாள்கிறது என்பதைத் தொழிற்சூழலோடு பொருத்திக் காணும் முயற்சிகள் குறைவு. அக்குறையை ஒரு பகுதியேனும் நிறைவு செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ‘குப்பை’ என்னும் சொல்

பழந்தமிழில் ‘குப்பை’ என்பது குவியலைக் குறித்தது. நெல்லின் குவியலும் குப்பையே. மணியின் குவியலும் குப்பையே. இழிவுப் பொருள் அச்சொல்லின் வேரில் இல்லை. உழவர் வழக்கில் இன்றும் ‘நிலத்துக்குக் குப்பை அடித்தல்’ என்றால் எருவிடுதல் என்பதே பொருள். மாட்டுச் சாணம், வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், வீட்டைக் கூட்டியெடுத்த சருகு ஆகியன எருக்குழியில் மக்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குச் சென்றன. அந்த வாழ்வில் குப்பை என்பது அடுத்த பருவத்தின் முதலீடு.

நகர வழக்கில் இச்சொல் ‘வேண்டாதது’ என்னும் பொருளைப் பெற்றது. இம்மாற்றத்துக்குப் பொருள்சார்ந்த காரணம் உண்டு. எருக்குழியில் விழுந்தவை பெரும்பாலும் மக்குவன. நகரத் தொட்டியில் விழுபவை மக்குவனவும் மக்காதனவும் நஞ்சும் கலந்தவை. கலந்தபின் மக்கும் பொருளும் எருவாகப் பயன்படாது. மக்காத பொருளும் விலைபோகாது. ஆகவே குப்பையை இழிபொருளாக்கியது அதன் இயல்பன்று, அதன் கலப்பு எனலாம். வேலூர் முறையின் அடிப்படைக் கருத்தும் இதுவே. அம்முறைக்கு ‘திட, திரவ வள மேலாண்மை’ எனப் பெயரிட்டபோது, ‘கழிவு’ என்னும் சொல் இருந்த இடத்தில் ‘வளம்’ என்னும் சொல் வைக்கப்பட்டது. ஒருவகையில் இது ‘குப்பை’ என்பதன் பழைய பொருளுக்குத் திரும்பும் முயற்சியாகும்.

2. பாலாற்றங்கரையும் தோல் தொழிலும்

வேலூர், ஆம்பூர்ப் பகுதியின் வீட்டுக் குப்பையை அதன் தொழிற்பின்னணியிலிருந்து பிரித்துக் காண இயலாது. இங்குத் தோல் பதனிடுதல் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. முன்னாளில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களே தோலைப் பதனிட்டன. 1970-களின் தொடக்கத்தில் நடுவணரசு பச்சைத்தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவிக்கும் கொள்கையை மேற்கொண்டது. அதன்பின் விரைவாகப் பதனிட உதவும் குரோமிய உப்பு முறை இப்பகுதியில் பெருகியது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடும் தொழிற்சாலைகளோடு காலணித் தொழிற்சாலைகளும் வளர்ந்தன.

அவ்வளர்ச்சியின் விலையைப் பாலாறு கொடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அத்தீர்ப்பு அறிவித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முற்றாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வுச் செய்தியும் அதில் இடம்பெற்றது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதி மாசு குறித்து மீண்டும் விரிவான ஆணை பிறப்பித்தது. முதல் தீர்ப்புக்கும் இவ்வாணைக்கும் இடையே 28 ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன.

இவ்வரலாறு தொழிற்சாலைக் கழிவுநீரைப் பற்றியது. வீட்டுக் குப்பைக்கு இதனோடு என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். மண் ஏற்கெனவே குரோமியத்தையும் உப்பையும் சுமந்து நிற்கும் நிலப்பகுதியில், நகரம் தயாரிக்கும் உரம் எத்தகையது என்பது வேறெந்த ஊரையும்விட முதன்மை பெறுகிறது என்பதே அதற்கான விடை. இதனை ஆறாம் பகுதி விளக்கும். அதற்குமுன் வேலூர் முறையின் தோற்றத்தையும் இயக்கத்தையும் காண்போம்.

3. வேலூர் முறையின் தோற்றம்

1989-இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவாசிகளே ஒன்றுகூடிக் குப்பை சேகரிப்பை ஒழுங்குபடுத்தும் வழியைக் காட்டியது. அவ்வியக்கத்தின் தொடர்ச்சியாக வேலூர்ப் பகுதியில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சி. சீனிவாசன் ‘கழிவில்லா மேலாண்மை’ முயற்சிகளை மேற்கொண்டார். பின்னாளில் ‘வேலூர் சீனிவாசன்’ என்றே பரவலாக அறியப்பட்ட இவர், தெருத்தூய்மையோடு நின்றுவிடாமல், சேகரித்த பொருளை என்ன செய்வது என்பதற்குப் படிப்படியான நடைமுறையொன்றை வகுத்தார்.

சட்டச் சூழலும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000-இல் நடைமுறைக்கு வந்தன. தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. பழைய விதிகளுக்கு மாற்றாகத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயகரக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருவது குப்பையை உண்டாக்குவோரின் கடமை என இவ்விதிகள் வரையறுத்தன. வேலூரில் முன்பே பயிலப்பட்டு வந்த நடைமுறைக்கு இதனால் சட்டவலு கிடைத்தது. கிடங்கை நம்பாமல், நகரின் பல பகுதிகளில் சிறு கூடங்கள் அமைத்து அந்தந்தப் பகுதிக் குப்பையை அங்கங்கே கையாளும் வழியை மாநகராட்சியும் மேற்கொண்டது.

4. வாசல் முதல் உரக்கூடம் வரை

இம்முறையின் இயக்கத்தை மூன்று கட்டங்களாகப் பகுக்கலாம்.

முதற்கட்டம் வீட்டில் நிகழ்வது. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேயிலைச் சக்கை, வாடிய பூ முதலியன ஒரு கூடையில் சேர்கின்றன. தாள், நெகிழி, கண்ணாடி, தகரம், துணி முதலியன மற்றொன்றில் சேர்கின்றன. மின்கலம், குழல்விளக்கு, காலாவதியான மருந்து போன்றவை தனியே வைக்கப்பட வேண்டும். அணையாடை, மாதவிடாய்த் துணி ஆகியவற்றை உறையிட்டுத் தரவேண்டும். தூய்மைப் பணியாளர் மூன்றுசக்கர வண்டியிலோ பேட்டரி வண்டியிலோ வந்து வாசலில் பெற்றுக்கொள்கிறார். வண்டியிலும் இருவகைக் குப்பைக்கும் தனித்தனிக் கலங்கள் உள்ளன. வீட்டில் பிரித்ததை வண்டியில் கலந்துவிட்டால் மறுநாள் எந்த வீடும் பிரித்துத் தராது. ஆதலால் வண்டியின் அமைப்பு சிறு செய்தியாகத் தோன்றினும், மக்களின் நம்பிக்கை அதிலேயே தங்கியுள்ளது.

இரண்டாம் கட்டம் ஈரக் குப்பையைக் கையாள்வது. கூடத்தில் அது மீண்டும் பிரிக்கப்படுகிறது. கெடாத காய்கறிக் கழிவு மாட்டுக்குத் தீவனமாகிறது. தேங்காய் ஓடு, முட்டை ஓடு, எலும்பு ஆகியன தனித்தனியே எடுக்கப்படுகின்றன. எஞ்சியது அடுக்கடுக்காகப் பரப்பப்பட்டு, சாணக் கரைசல் தெளிக்கப்படுகிறது. சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் மக்குதலைத் தொடங்கி வைக்கின்றன. காற்றும் ஈரமும் சரியாக அமைந்தால் குவியலின் உள்வெப்பம் சில நாட்களில் 55 டிகிரி செல்சியசைத் தாண்டும். நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் அவ்வெப்பத்தில் அழிகின்றன. குவியலைப் புரட்டிவிட்டு, ஈரம் காத்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் சலித்தெடுத்தால் மண்மணம் வீசும் உரம் கிடைக்கிறது. சில கூடங்களில் மண்புழு உரமும் தயாரிக்கப்படுவதுண்டு.

மூன்றாம் கட்டம் உலர் குப்பையின் வகைப்பாடு. இதனை அடுத்த பகுதி விளக்கும்.

இந்நடைமுறையில் காலமே முதன்மைக் கருவி. வேலூரின் கோடையில் வெப்பம் 40 டிகிரியைக் கடப்பது வழக்கம். அவ்வெப்பத்தில் ஈரக் குப்பை சில மணிநேரத்திலேயே அழுகத் தொடங்கும். காலையில் பெற்ற குப்பை அன்றே பிரிக்கப்பட்டால் மாடு உண்ணும், நாற்றம் எழாது, பிரிப்பவரின் கைக்கும் கேடில்லை. இரண்டு நாள் கழிந்தால் அதே பொருள் ஈ மொய்க்கும் சேறாகிவிடும். குப்பைக் கூடம் குடியிருப்புக்கு நடுவே இருக்க முடிவதும் இதனாலேயே. நாற்றம் எழுந்தவுடன் அண்டை வீட்டார் எதிர்ப்பர், கூடம் மூடப்படும், குப்பை மீண்டும் லாரியேறிக் கிடங்குக்குச் செல்லும். ஆகவே பரவலாக்கப்பட்ட இம்முறை முழுவதும் வீட்டு வாசலில் நிகழும் பிரிப்பையும், அது அன்றாடம் தவறாமல் நிகழ்வதையும் சார்ந்து நிற்கிறது. இயந்திரம் இதில் துணைமட்டுமே.

5. உலர் குப்பையின் பொருளாதாரம்

உலர் குப்பையை ‘நெகிழி’, ‘தாள்’ எனப் பொதுவாகப் பிரித்தால் நல்ல விலை கிடைக்காது. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, எழுதிய தாள், பால் உறை, தண்ணீர்ப் புட்டி, எண்ணெய்க் கலம், வாளி நெகிழி, கண்ணாடிப் புட்டி, உடைந்த கண்ணாடி, இரும்பு, அலுமினியம், செம்பு என ஒவ்வொன்றும் தனிச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி வாங்குநர் உண்டு. வேலூர் முறையில் உலர் பொருள்கள் கழுவி உலர்த்தப்பட்டுப் பதினைந்துக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்படுவதன் காரணம் இதுவே. பிரிக்கும் கையின் நுட்பம் கூடக்கூடப் பொருளின் விலையும் கூடுகிறது.

இவ்வறிவு நகராட்சி கண்டுபிடித்ததன்று. தெருவில் கூவிவரும் பழைய பேப்பர்காரர், காயலான் கடைக்காரர், தோளில் சாக்குப்பையுடன் திரியும் குப்பை பொறுக்குவோர் ஆகியோரிடம் இது முன்பே இருந்தது. நல்ல விலைபோகும் செய்தித்தாளும் இரும்பும் பித்தளையும் இன்றும் வீட்டிலிருந்து நேரே காயலான் கடைக்கே செல்கின்றன. நகராட்சிக் கூடைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் அக்கடைக்காரர் வேண்டாமென ஒதுக்கியவை. பல அடுக்கு நெகிழியாலான தின்பண்ட உறை, எண்ணெய்ப் பிசுக்கேறிய பை, கிழிந்த துணி, பழைய செருப்பு ஆகியன அவற்றுள் அடங்கும். எனவே ‘குப்பை விற்றே குப்பைச் செலவை ஈடுகட்டலாம்’ என்னும் எதிர்பார்ப்பு மிகையானது. விற்பனை வருவாய் துணைவருவாயே. முறையின் பெரும்பயன் வேறிடத்தில் உள்ளது: கிடங்குக்கு ஏற்றிச் செல்லும் செலவு குறைகிறது, ஏரியும் நிலத்தடி நீரும் காக்கப்படுகின்றன. இவை கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தில் இடம்பெறாதவை.

விலைபோகாத பொருளைக் குறைக்கும் மற்றொரு வழி, அது வீட்டுக்குள் வராமல் தடுப்பது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. பண்ட உற்பத்தியாளர்களின் உறைகள் அத்தடைக்கு வெளியே நின்றமையால், கூடங்களில் குவியும் தின்பண்ட உறைகளின் சிக்கல் அதனால் தீரவில்லை. எரிதிறன் மிக்க அத்தகைய பொருள்களைச் சிமென்ட் ஆலைகளின் சூளைகளுக்கு அனுப்புவதே இன்று வழக்கத்திலுள்ள வழி.

6. ஒரு கிலோ தோல்

பழைய செருப்பும் கிழிந்த தோல்பையும் எல்லா ஊர்க் குப்பையிலும் உண்டு. தோல் தொழிற்பகுதியில் இவற்றோடு வேறு சிலவும் சேர வாய்ப்புண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை தொழிற்சாலையிலிருந்து வீடுகளுக்கு அனுப்பப்படுகிறது. பெண்கள் இதனை உருப்படிக் கூலிக்குச் செய்கின்றனர். செருப்பு, இடைவார், பை தைக்கும் சிறு பட்டறைகள் குடியிருப்புத் தெருக்களிலேயே இயங்குகின்றன. வீடும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போது வெட்டுத்துண்டும் காய்கறித் தோலும் ஒரே கூடையில் விழுவது எளிது.

அதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். நகரக் குப்பை உரத்தில் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பிட்டுள்ளது; 2016 விதிகளும் அவ்வாறே வரம்பிட்டிருந்தன. குரோமிய முறையில் பதனிட்ட தோலில் குரோமிய ஆக்சைடு பொதுவாக 2.5 விழுக்காட்டுக்குக் குறையாது. இதனைத் தனிக் குரோமியமாகக் கணக்கிட்டால் ஒரு கிலோ தோலில் ஏறத்தாழ 17 கிராம், அதாவது 17,000 மில்லிகிராம் ஆகும். இதனை 50-ஆல் வகுத்தால் 340 கிடைக்கிறது. குரோமியமே இல்லாத 340 கிலோ உரத்தை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுசெல்ல ஒரு கிலோ தோல் போதும் என்பது இதன் பொருள்.

இக்கணக்கை வீடுகளாக மாற்றிக் காணலாம். 100 கிலோ ஈரக் குப்பையிலிருந்து 20 கிலோ உரம் கிடைப்பதாகக் கொண்டால், 340 கிலோ உரத்துக்கு 1,700 கிலோ ஈரக் குப்பை தேவை. நால்வர் வாழும் வீடு நாளொன்றுக்கு 800 கிராம் ஈரக் குப்பை தருவதாகக் கொண்டால், இது ஏறக்குறைய 2,100 வீடுகளின் ஒருநாள் குப்பை. 2,100 வீடுகள் ஒருநாள் முறையாகப் பிரித்துத் தந்ததன் பயனை ஒரு கிலோ தோல்துண்டு கெடுத்துவிடும்.

இது தோல் முழுமையும் உரத்தில் கலந்துவிடுவதாகக் கொண்ட கணக்கு. நடைமுறையில் பெரிய துண்டுகள் கண்ணுக்குத் தெரியும், பிரிப்பவர் எடுத்துவிடுவார், எஞ்சியவை சல்லடையில் நிற்கும். குரோமியம் ஏற்றிய தோல் எளிதில் மக்காது என்பதும் இங்கு உதவுகிறது. ஆனால் தேய்த்து மெருகேற்றும்போது எழும் தூள், ஓரம் சீவிய நுண்சுருள் ஆகியவை சல்லடையைக் கடந்துவிடும். பிரித்தெடுக்க இயலாதபடி கலப்பவை இவையே. ஆகவே கூடத்தில் செய்யும் இரண்டாம் பிரிப்பு வாசலில் செய்யும் முதற்பிரிப்புக்கு மாற்றாகாது.

எரித்தல் இதனினும் கேடானது. தோலிலுள்ள குரோமியம் பெரும்பாலும் மூவிணைதிற வடிவில் உள்ளது. அதன் நச்சுத்தன்மை குறைவு. திறந்தவெளியில் காற்றோட்டத்தில் எரியும்போது அதன் ஒரு பகுதி அறுவிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோய் விளைவிப்பது. நீரில் எளிதில் கரைவது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல், உடலில் படும் தோற்பொருள்களில் அறுவிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்னும் அளவை எட்டக்கூடாது என வரம்பிட்டுள்ளது. ஏற்றுமதியாகும் ஷூ இவ்வரம்புக்கு உட்பட்டது. அதே தோலின் வெட்டுத்துண்டு தெருமுனையில் எரியும்போது அதன் புகையை அளப்பார் இல்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் அந்த ஷூவைத் தைத்தவரின் குடும்பத்தினரே.

7. விதிகளுக்கு இடையிலான இடைவெளி

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 2016 விதிகள் குப்பையை எரிப்பதைத் தடை செய்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் வழங்கிய ஆணை, திறந்தவெளியில் எரித்தலுக்கு 5,000 ரூபாயும், பேரளவில் எரித்தலுக்கு 25,000 ரூபாயும் ஈட்டுத்தொகையாக விதித்தது. வீட்டு அபாயகரக் கழிவைப் பெறுவதற்கு 20 சதுரக் கிலோமீட்டருக்கு ஒன்று என்னும் அளவில் வைப்பு மையங்களை உள்ளாட்சி அமைப்புகள் அமைக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. தோல் தொழிற்சாலைகளின் குரோமியக் கசடு அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருகிறது.

இவ்விரு விதித்தொகுப்புகளுக்கும் நடுவே விடுபட்டு நிற்பது வீட்டுப் பட்டறையின் வெட்டுத்துண்டு. அது வீட்டுக் குப்பை என எண்ணப்பட்டால் சாதாரண உலர் குப்பையாகிவிடுகிறது. தொழிற்கழிவு என எண்ணப்பட்டால், பதிவு செய்யாத பட்டறைக்குப் பொறுப்பேற்பவர் எவருமில்லை. வேலையை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனத்தின் கணக்கிலும் அத்துண்டு இடம்பெறுவதில்லை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்நிலப்பகுதியின் வழக்கிலேயே சட்டமானது. அதே நிலப்பகுதியில் அக்கொள்கை தொழிற்சாலை வாயிலோடு நின்று, தையல்வேலை செல்லும் வீட்டுக்குள் நுழையாமல் இருப்பது கருதத்தக்கது.

தீர்வு சிக்கலானதன்று. தோல்துண்டுக்கெனத் தனிச் சாக்கு ஒன்றை வீட்டுத் தையல்காரருக்கும் சிறு பட்டறைக்கும் தந்து, வாரம் ஒருமுறை பெற்றுக்கொள்ளலாம். வேலை கொடுப்பவரே மூலப்பொருளோடு சாக்கையும் அனுப்பி, தைத்த பொருளோடு துண்டையும் திரும்பப் பெறலாம். பெரிய துண்டுகளைச் சிறுபொருள் செய்வோருக்கு விற்கலாம். தூளையும் சுருளையும் முறையான அகற்றலுக்கு அனுப்பலாம். பொதுவிதி வகுக்கும் பிரிவுகளோடு, இவ்வூர்களில் தோல்துண்டுக்கெனத் தனிப்பிரிவும் சேர வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

8. பிரிக்கும் கைகள்

இம்முறையின் முழுச்சுமையும் தூய்மைப் பணியாளரின் கைகளில் விழுகிறது. வாசலில் பிரிக்கப்படாததைக் கூடத்தில் பிரிப்பவர் அவரே. கலந்த குப்பையில் ஊசியும் உடைந்த கண்ணாடியும் உறையிடாத அணையாடையும் கிடக்கின்றன. கையுறை வழங்கப்பட்டாலும், பல வகை நெகிழிகளைத் தொட்டுணர்ந்து பிரிக்கும் வேலைக்கு அது தடையாவதால் கழற்றப்படுவதுண்டு.

தோலும் குப்பையும் சாதியச் சமூகம் ‘தீட்டு’ எனக் கற்பித்துத் தலித் மக்களின்மேல் சுமத்திய வேலைகள். தோல் தொழில் ஏற்றுமதித் தொழிலாகி அந்நியச் செலாவணி ஈட்டியபோது அதன் முதலாளிகள் மதிப்புப் பெற்றனர். பச்சைத்தோலைக் கையாளும் தொழிலாளர் நிலை அவ்வளவாக மாறவில்லை. குப்பையை ‘வளம்’ எனப் பெயர் மாற்றும்போதும் இதே நிலை நேரக்கூடும். வளம் எனப்படுவதைப் பிரிப்பவருக்கு நிலையான ஊதியமும் மருத்துவப் பாதுகாப்பும் கிடைக்காவிடில், பெயர்மாற்றம் சொல்லளவில் நின்றுவிடும். குப்பை பொறுக்குவோரை அடையாளம் கண்டு முறையான அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என 2016 விதிகள் கூறியது இவ்வகையில் முதன்மையானது.

வேலூரில் பயின்ற முறை சத்தீஸ்கர் மாநிலத்தின் அம்பிகாபூரில் 2015-இல் மேற்கொள்ளப்பட்டபோது இப்பகுதி தெளிவாக வகுக்கப்பட்டது. அம்பிகாபூர் ஆம்பூரைப்போலவே ஒரு லட்சத்தைச் சற்றுக் கடந்த மக்கள்தொகை கொண்ட நகரம். அங்கே மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் சேகரிப்பும் பிரிப்பும் ஒப்படைக்கப்பட்டன. வீடுகள் செலுத்தும் பயனர் கட்டணமும் உலர் பொருள் விற்பனையும் அக்குழுக்களின் வருவாயாயின. பிரிப்பவரே பயன்பெறுபவராக அமைந்ததால் பிரிப்பில் நுட்பம் கூடியது. நகரின் பழைய குப்பைக் கிடங்கு பூங்காவாக மாற்றப்பட்டது. இங்கிருந்து சென்ற முறை, அங்குப் பெற்ற பட்டறிவோடு திரும்பிவரத் தக்கது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

குப்பையின் மதிப்பைக் கெடுப்பது கலப்பு. எனவே மீட்புமுறையின் வெற்றி கிடங்கிலோ இயந்திரத்திலோ முடிவாவதில்லை, வீட்டு வாசலில் முடிவாகிறது.

சிறு கூடங்கள் குடியிருப்புக்கு நடுவே நிலைக்க வேண்டுமாயின் ஈரக் குப்பை அன்றன்றே பெறப்பட்டு அன்றன்றே பிரிக்கப்பட வேண்டும். ஒருநாள் தடையும் முறை முழுவதையும் தளர்த்தும்.

உலர் பொருள் விற்பனையால் மட்டும் இம்முறை தன்னைத் தாங்கிக்கொள்ளாது. காக்கப்படும் ஏரியும் நீரும் மண்ணும் அதன் உண்மையான வரவு.

தோல் தொழிற்பகுதியில் தோல்துண்டு தனிப்பிரிவாகக் கொள்ளப்பட வேண்டும். ஒரு கிலோ தோல் 340 கிலோ உரத்தைக் கெடுக்கவல்லது என்பதால், அத்துண்டுக்கான பொறுப்பை வேலை கொடுப்பவரும் ஏற்பது முறை.

உழவர் வழக்கில் குப்பை என்பது நிலத்துக்குத் திருப்பித் தருவது. பாலாற்றுப் படுகையில் உப்பாலும் குரோமியத்தாலும் நலிந்த நிலங்கள் இயற்கை உரத்தை வேண்டி நிற்கின்றன. நகரம் அந்நிலங்களுக்குத் தரும் உரம் அதே குரோமியத்தை மீண்டும் சுமந்து செல்லாதிருக்க வேண்டும். அதனை உறுதி செய்யும் முதல் இடம், சமையலறைக் கூடையும் தையல் மூலையின் சாக்கும் தனித்தனியே வைக்கப்படும் வீடேயாகும்.